கம்ப்யூட்டர் போர்டுல சிஸ் ஃபேன் பின் (கேபினெட் ஃபேன் சொருகுற இடம்) ரெண்டுதான் இருக்கு, ஆறு ஃபேனுக்கு கரண்ட் எப்படி?

பாளை_பிசி:
மைக்ரோ ஏடிஎக்ஸ்னு சின்ன சைஸ் மதர்போர்டு. சிபியு ஃபேன் போக சிஸ் ஃபேன் பின் ரெண்டே ரெண்டு. முன்னால மூணு, மேல ரெண்டு, பின்னால ஒண்ணுன்னு ஆறு 120 மிமீ ஃபேன் போடணும். பின்னால உள்ளது மட்டும் 3 பின் பிளக், மத்தது 4 பின் பிளக். எல்லா ஸ்டிக்கர்லயும் 12 வோல்ட், 0.25 ஆம்பியர். 4 பின் ஃபேன் அஞ்சையும் ஸ்பிளிட்டர்ல (ஒண்ணைப் பலதாப் பிரிக்குற கேபிள்) ஒரே சிஸ் ஃபேன் பின்ல மாட்டலாமா, இல்ல மோலெக்ஸ்ல (எஸ்எம்பிஎஸ்ங்குற பவர் சப்ளையில இருந்து வர்ற பழைய வகை கனெக்டர்) நேரா கொடுத்துரலாமா? மாடி ரூம், சித்திரை வெயில்ல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) கொதிக்கு.

வண்ணாரப்பேட்டை_சர்வீஸ்:
அண்ணாச்சி, அஞ்சையும் ஒரே பின்ல மாட்டிராதீய. சாதாரண சிஸ் ஃபேன் பின் தாங்குறது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். உங்க கணக்கு 1.25. ஃபேன் சுத்த ஆரம்பிக்கும்போது இன்னும் கூட இழுக்கும். பாதுகாப்பு இல்லாத போர்டுல அந்தப் பின்னோட டிராக் (போர்டுல கரண்ட் போற செம்புக் கோடு) கருகிரும், அப்புறம் அந்தப் பின் செத்த மாதிரிதான்.

சாட்டா பவர்ல (எஸ்எம்பிஎஸ்ல இருந்து ஹார்ட் டிஸ்குக்குப் போற கனெக்டர்) ஓடுற பிடபிள்யூஎம் ஹப் வாங்குங்க, 4 பின் ஃபேன் பலதையும் சேத்து மாட்டுற பெட்டி அது. கரண்ட் எஸ்எம்பிஎஸ்ல இருந்து வரும், போர்டுல இருந்து வேகத்தைச் சொல்லுற சிக்னல் மட்டும்தான். சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. தாராளம். ஆனா எஸ்எம்பிஎஸ்ஸோட சொந்த சாட்டா கேபிள்லயே மாட்டுங்க. மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்துற வார்ப்பு கனெக்டர் மலிவுன்னு போட்டா, உள்ள வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருகித் தீப்பிடிக்கலாம்.

3 பின் ஃபேனை ஹப்ல கொடுக்காதீய, எப்பவும் 12 வோல்ட்டுல முழு வேகத்துல கத்தும். ரெண்டாவது சிஸ் ஃபேன் பின்ல மாட்டி பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) டிசி மோடு வையுங்க, அது வோல்ட்டைக் கூட்டிக் குறைச்சு வேகத்தை மாத்தும்.

தாமிரபரணி_டெக்:
மோலெக்ஸ்ல நேரா கொடுத்தா ஓடும், வேகம் உங்க கையில இருக்காது. மஞ்சள் வயரையும் (12 வோல்ட்) சிவப்பு வயரையும் (5 வோல்ட்) சேத்து 7 வோல்ட் எடுக்குற பழைய வித்தை வேண்டாம். ஃபேன் கரண்ட் 5 வோல்ட் லைனுக்குள்ள திரும்பிப் பாயும்.

அதுக்கு முன்ன, ஆறு எதுக்கு? மேல முன்பக்கம் வைக்குற ஃபேன், உள்ள வந்த குளிர்காத்தை சிபியு கூலர் போய்ச் சேருமுன்னாடியே வெளிய தள்ளிரும். முன்னால மூணு உள்ள, மேல பின்பக்கம் ஒண்ணு, பின்னால ஒண்ணு வெளிய. அஞ்சே போதும். நம்ம ஊர் ஆனி, ஆடிக் காத்துல புழுதி அள்ளிட்டு வரும். உள்ள வாற காத்து கூட இருந்தாத்தான் ஃபில்டர் இல்லாத சந்து வழியா தூசி ஏறாது. அந்த ரெண்டு மாசம் முன் ஃபில்டரை வாரம் ஒருக்கத் தட்டுங்க.

பாளை_பிசி:
ஹப் போட்டாச்சு, நாலு ஃபேன். நாலும் முழு வேகத்துல ஓடுது, பயாஸ்ல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) 0ன்னு காட்டுது.

வண்ணாரப்பேட்டை_சர்வீஸ்:
ரெண்டும் வேற வேற விஷயம். ஹப்பைச் சொருகியிருக்குற சிஸ் ஃபேன் பின், பயாஸ்ல டிசி மோடுலயோ ஆட்டோலயோ இருக்கும், பிடபிள்யூஎம்னு மாத்துங்க. ஆர்பிஎம் வயர் ஹப்ல ஒரு போர்ட்டுக்கு மட்டும்தான் உண்டு, அநேகமா 1ன்னு குறிச்சிருக்கும். அது காலியா இருந்தா 0தான் வரும், ஒரு ஃபேனை அங்க மாத்துங்க. பவரை அணைச்சு, பிளக்கை உருவிட்டு மாத்துங்க. மத்த மூணு ஃபேன்ல ஒண்ணு நின்னாலும் பயாஸுக்குத் தெரியாது, அப்பப்ப கண்ணால பாத்துக்கிடுங்க.