இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: சோனியா, போஸா?

வணக்கம் நண்பர்களே. எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை. பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது. கலவை இயந்திரம் காலையிலிருந்து ஓயாமல் ஓடுகிறது. அதனால் சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்5, போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா இரண்டில் ஒன்றை வாங்கப் பார்க்கிறேன்.

சோனியில் இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் சார்ஜ் நிற்கும், ஆனால் மடக்க முடியாது. போஸ் மடங்கும், சார்ஜ் 24 மணி நேரம். எனக்கு அதுவே தாராளம்.

இந்த வகை ஹெட்போன்கள் மோட்டார் உறுமல் போன்ற சீரான, தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும்; பேச்சுக்குரலும் சுத்தியல் அடியும் ஓரளவு கேட்கத்தான் செய்யும். அது பரவாயில்லை. என் கவலை வேறு: நான் கண்ணாடி போடுபவன். கண்ணாடிக் காம்பு ஹெட்போனின் காது மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கு வழியே சத்தம் உள்ளே வந்துவிடும். இறுக்கமாக இருந்தாலோ காதோரம் வலிக்கும். கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

கண்ணாடியோடு மணிக்கணக்கில் இவற்றை மாட்டியிருப்பவர்கள் சொல்லுங்களேன், எது வலிக்காமல் இருக்கிறது? ஏசி இல்லாத அறையில், வியர்வையில் மெத்தை உரிகிறதா? உரிந்தால் மாற்று மெத்தை எளிதாகக் கிடைக்கிறதா? அப்புறம், மீட்டிங்கில் உங்கள் குரல் எதிர்முனையில் தெளிவாகக் கேட்கிறதா?