மறு: ஃபிளேருக்கு "வெடிப்பு" வேண்டாம்

வானியலில் காமாக் கதிர் ஃபிளேர் (gamma-ray flare) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> காமாக் கதிர் வெடிப்பு என்றே எழுதிவிடலாமே, வாசகருக்குப் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். காமாக் கதிர் வெடிப்பு என்பதை ஏற்கெனவே பர்ஸ்ட்டுக்கு (gamma-ray burst) கொடுத்துவிட்டோம். பெரிய விண்மீன் ஒன்று சாகும்போதோ இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போதோ வருவது அது, ஒரு முறை வந்தால் அங்கே கதை முடிந்தது. நாம் பேசும் ஃபிளேர் அப்படியில்லை. செயல்மிகு பேரடையின் (நடுப்பகுதி மிகப் பிரகாசமாக இருக்கும் விண்மீன் கூட்டம்) நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து கிளம்பும் தாரை (ஜெட், பீய்ச்சியடிக்கும் ஓட்டம்) ஏறக்குறைய நம்மை நோக்கியே இருந்தால் அதை பிளேசார் என்கிறோம். அந்தத் தாரை காமாக் கதிர்களைத் தந்துகொண்டேதான் இருக்கும், திடீரென்று பல மடங்கு ஏறும், இறங்கும், மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி ஏறும். 2010 நவம்பரில் 3சி 454.3 என்ற பிளேசார் அப்படி ஏறி, காமாக் கதிர் வானில் வழக்கமாக முதலிடத்தில் இருக்கும் வேலா பல்சாரையே (சுழலும் நியூட்ரான் விண்மீன்) பிரகாசத்தில் தாண்டியது. அங்கே எதுவும் வெடித்துச் சிதறவில்லை.

பிழம்பு, சுவாலை இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. தீயின் வாடை வருகிறது. இது வெப்பத்தால் வரும் கதிர்வீச்சே அல்ல, ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த ஃபோட்டான்களை மோதி மேலே தூக்கிவிடுகின்றன என்பதுதான் பரவலான விளக்கம். (புரோட்டான்களுக்கும் பங்கு உண்டு என்ற கட்சி, 2017 செப்டம்பரில் தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் உணர்கருவி பிடித்த நியூட்ரினோ (எதனோடும் எளிதில் மோதாத நுண்துகள்) டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் பக்கம் கைகாட்டியபின் தெம்பாகிவிட்டது. அந்த பிளேசாரும் அப்போது ஏறுமுகத்தில்தான் இருந்தது.)

என் பரிந்துரை எழுச்சி. காமா எழுச்சி. எப்படி உண்டாகிறது என்பதில் தலையிடாமல், ஒளிமாற்ற வரைபடத்தில் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் கோடு) தெரிவதை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது. காரணம் இன்னும் முடிவாகாத இடத்தில் அதுதான் பாதுகாப்பு. 2006 ஜூலையில் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசார் சில நிமிடங்களுக்குள்ளேயே மேலேறியதை நமீபியாவிலுள்ள ஹெஸ் (H.E.S.S.) காமாக் கதிர் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. நூறு கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளையின் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும், அப்படியிருக்க நிமிடக் கணக்கில் மாறுவது எவ்வளவு சிறிய இடம்? அதிர்ச்சி அலையா, காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதா, தாரைக்குள்ளே குட்டித் தாரையா என்று சண்டை ஓடுகிறது. சொல் போய் அதில் ஒரு பக்கம் சேர வேண்டாம்.

> எழுச்சி என்றால் மக்கள் எழுச்சி மாதிரி ஒலிக்காதா?

ஒலிக்கட்டும், முன்னால் காமா நிற்கும்போது யாரும் கொடியைத் தேடமாட்டார்கள். கிளர்வு என்ற சொல்லையும் பார்த்தேன், ஆனால் அணு இயற்பியலில் கிளர்வு நிலை (அணு கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை) வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. எழுச்சி என்று வைத்தால் எழுச்சி உச்சம், எழுச்சிக் காலம், சிற்றெழுச்சி எல்லாம் இழுக்காமல் வருகின்றன. சூரியனுக்குப் பிழம்பு இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்.

சரி, தாரைக்கு யாருக்காவது மறுப்பு உண்டா? பீச்சு என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்குத் தாரையே போதும்.