அடிமணல் காலையில் வெள்ளை, மத்தியானம் கபிலச் சளி: யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

கல்லடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். 200 லீற்றர் பிடிக்கும், ஓடத் தொடங்கி 7 மாதம். இரண்டு நீமோ, ஒரு லெதர் கோரல், கொஞ்சம் சோவாந்தஸ் (கோரல் மாதிரிப் பூவாக விரிகிற உயிர்), 12 நத்தை. நத்தை இப்போது 5 தான் மிச்சம்.

பிரச்சினை அடிமணலில். வெள்ளையாகக் கிடந்த மணலுக்கு மேலே கபில நிறத்தில் சளி படர்கிறது. நூல் நூலாக எழும்பி நிற்கிறது, நுனியில் காற்றுக் குமிழி. போன கிழமை குழாய் போட்டு ஒன்றும் விடாமல் உறிஞ்சி எடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கோலம். இது போதாதென்று முன் கண்ணாடியோடு ஒட்டினாற்போல மணலுக்குள்ளே ஒரு கறுப்புக் கோடு. அங்கங்கே கறுப்புத் துகள்களும் சிந்திக் கிடக்கின்றன. மணலில் பாதி கடையில் வாங்கிய பவள மணல், பாதி கல்லடிக் கடற்கரையில் அள்ளிக் கழுவியது.

தண்ணீர் ஆர்ஓ, சவ்வில் வடித்துச் சுத்தம் பண்ணினது. உப்பு நான்தான் கலக்கிறேன். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 0, பொஸ்பேட் 0. பில்டரில் பொஸ்பேட் இழுக்கிற மருந்தும் போட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எப்படி ஊத்தை வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. ஒரு கடையில் அன்ரிபயோட்டிக் போடச் சொன்னார்கள். போடவா?

முகத்துவாரத்தான்:
தம்பி, இது டயற்றம் என்கிற நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வருகிற சளி, தானாகப் போகும். கடற்கரை மணல் போட்டீர்கள் அல்லவா, அது முழுக்கச் சிலிக்கா. அதைத் தின்றுதான் வளர்கிறது. மணலை அள்ளி எறிந்துவிட்டுக் கடல் தண்ணீர் கொண்டுவந்து பாதி மாற்றுங்கள். எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

கல்லடிக்காரன்:
நன்றி அண்ணா. ஆனால் டயற்றம் முதல் மாதமே வந்து போய்விட்டது. அது மாப்பொடி தூவினமாதிரி இருந்தது, விரலால் தட்டினால் பறக்கும். இது பறக்காது, இழுபடுகிறது.

ரீஃப் காக்கா:
தம்பி, அன்ரிபயோட்டிக்கை அப்படியே அலுமாரிக்குள் வையுங்கள். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

விடியக் காலையில், லைற் போட முன்பு, மணல் எப்படிக் கிடக்கிறது? சளியை இழுத்தால் துணி உரிகிறமாதிரி ஒரே பாளமாக வருகிறதா, அல்லது அறுந்து அறுந்து வருகிறதா? நத்தை எப்போது சாகத் தொடங்கியது, சளிக்கு முன்பா பின்பா?

நிறத்தைப் பார்த்து மருந்து போட்டுத்தான் நானும் என் முதல் தொட்டியைக் கெடுத்தேன். சிவப்பென்றால் சயனோ (பாளமாகப் படர்கிற ஒரு பக்டீரியா), கபிலமென்றால் டயற்றம் என்று யாரோ சொன்னதை நம்பினேன். சயனோ கபிலமாகவும் வரும், கறுப்பாகவும் வரும்.

முகத்துவாரத்தார் குறை நினைக்க வேண்டாம், மணல் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதுவும் சிலிக்காதான், ஆனால் லேசில் கரையாது, அதனால் டயற்றத்துக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிற சிலிக்கேட்தான் டயற்றத்துக்குச் சாப்பாடு, அதை ஒழுங்கான ஆர்ஓ பெரும்பாலும் பிடித்துவிடும். குவார்ட்ஸில் இருக்கிற குறை வேறு: பவள மணல் மாதிரி அது தண்ணீருக்குக் கல்சியம் கொடுக்காது. எந்த மணல் எது என்று பார்க்க வினாகிரியில் ஒரு சிட்டிகை போடுங்கள். நுரைத்தால் பவளம் அல்லது சிப்பி, சும்மா கிடந்தால் குவார்ட்ஸ்.

கல்லடிக்காரன்:
இன்றைக்கு 5 மணிக்கே எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன். மணல் பளிச்சென்று கிடக்கிறது! 10 மணிக்கு லேசான கபிலம். 2 மணிக்கு வீட்டில் எடுத்த போட்டோவில் முழுக்கச் சளி. இழுத்தால் பாளமாக வரவில்லை, மூக்குச் சளி மாதிரி நீள்கிறது. நத்தை சாகத் தொடங்கியது சளி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு.

ரீஃப் காக்கா:
அப்போது எனக்குச் சந்தேகம் டைனோவில். டைனோஃபிளஜலேட், கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்து உயிர். இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் கலைந்துபோய், வெளிச்சம் வந்ததும் திரும்பி வந்து ஒட்டுகிற சாதி உண்டு. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் 0 என்று சந்தோஷப்பட்டீர்களே, அதுதான் இதற்கு வாசல் திறந்துவிட்டது. மற்றப் பாசிக்கும் நல்ல பக்டீரியாவுக்கும் சாப்பாடு இல்லை, இடம் காலி, இது வந்து குந்திவிட்டது. அன்ரிபயோட்டிக் சயனோவைக் கொல்லும், டைனோவைக் கொல்லாது. போட்டியாக நிற்கிற பக்டீரியாவைக் கொன்று இதற்கு இன்னும் இடம் செய்து கொடுக்கும்.

ஒரு முக்கியமான விஷயம்: குழாயை வாயால் உறிஞ்சித்தானே தண்ணீர் இழுக்கிறீர்கள்? நாங்கள் எல்லோரும் அப்படித்தான். இனி வேண்டாம். இந்த டைனோக்களில் சிலது நஞ்சு வைத்திருக்கும், நத்தை செத்தது அதைத் தின்றுதான் என்று நினைக்கிறேன். சோவாந்தஸிலும் நஞ்சு உண்டு. குழாயைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி நிரப்பி, ஒரு நுனியை விரலால் பொத்தி வெளியே எடுங்கள். கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள்.

ஆய்வுகூட அக்கா:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன், தொட்டியும் உண்டு. சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சளியைத் தொட்டித் தண்ணீரோடு சின்னப் போத்தலில் எடுத்து ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். வடிதாளில் வடித்து, தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் விட்டு லைற்றுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் வையுங்கள். திரும்பவும் நூலாகச் சேர்ந்தால் டைனோ என்றே எடுக்கலாம். தாளிலேயே தங்கிவிட்டால் வேறு ஏதோ.

மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டுப்பாருங்கள், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு போதும்.

கல்லடிக்காரன்:
அக்கா, செய்தேன். டீ வடிகிற துணியில் முதலில் வடித்துக் கோட்டைவிட்டேன், அது எல்லாவற்றையும் விட்டுவிட்டது. பிறகு ஒரு ஏஎல் பிள்ளையிடம் வடிதாள் வாங்கிச் செய்தேன். 40 நிமிடத்தில் கிளாசுக்குள்ளே சிலந்தி நூல் மாதிரி மிதக்கத் தொடங்கியது. அந்தப் பிள்ளையே ஆய்வுகூடத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தார். கண்ணீர்த் துளி வடிவம், ஒரு பக்கம் கூர். கட்டையில் கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறதாம்.

ஆய்வுகூட அக்கா:
அந்த ஆட்டுக்குட்டிக்குப் பெயர் ஒஸ்ட்ரியொப்சிஸ், டைனோவில் ஒரு சாதி. ஒரு வகையில் நல்ல செய்தி. முட்டை வடிவத்தில் வழுக்கி வழுக்கி ஓடுகிற அம்ஃபிடினியம் என்ற மற்றச் சாதி என்றால் அது இரவிலும் மணலுக்குள்ளேயே கிடக்கும், தண்ணீர் ஓடும்போது அதிலுள்ள நுண்ணுயிரைக் கொல்கிற யூவி விளக்கில் சிக்காது. உங்களுடையது இரவில் தண்ணீருக்குள் வருகிறபடியால் யூவி போட்டால் பிடிபடும்.

ரீஃப் காக்கா:
இனி வேலை. பொஸ்பேட் மருந்தை இன்றைக்கே வெளியே எடுங்கள். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். ஆம், நிறுத்தத்தான் சொல்கிறேன். மீனுக்கு இரண்டு நேரம் சாப்பாடு கொடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பொஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை ஏறட்டும். மூன்று நாள் லைற் போட வேண்டாம், தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். அந்த மூன்று நாளும் ஏர் பம்ப் ஓடவேண்டும். செத்த டைனோ அழுகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறையும். கரண்ட் போனால் பற்றறியில் ஓடுகிற பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

முகத்துவாரத்தான்:
சரி, நான் சொன்னது பிழைதான். காக்கா சொல்கிறபடி செய்யுங்கள். கடல் தண்ணீர் பற்றி மட்டும் ஒரு சொல்: யார் எடுத்தாலும் மாரியில் எங்கள் பக்கம் எடுக்க வேண்டாம். முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கடலுக்குள் இறங்கும், உப்புக் குறைந்துவிடும். ஒருமுறை பட்டுவிட்டேன்.

கல்லடிக்காரன்:
அந்தக் கறுப்புக் கோட்டையும் துகளையும் ஒருவரும் சொல்லவில்லையே!

பாசிக்குடா:
துகளுக்கு நான் பதில் சொல்கிறேன். பொலித்தீன் பைக்குள் காந்தம் ஒன்றைப் போட்டு, காய்ந்த மணலுக்குள் இழுத்துப் பாருங்கள். மீசை முளைத்தமாதிரி கறுப்பு ஒட்டும். கிழக்குக் கரை மணலில் மக்னடைட், இல்மனைட் என்ற இரும்புக் கனிமங்கள் இருக்கின்றன, புல்மோட்டையில் அள்ளுகிறார்களே அதே இல்மனைட்தான். மீனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அலை பம்பின் காந்தத்தில் போய் அடையும். கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் ஒரு துகள் ஒட்டினால் போதும், கண்ணாடியில் கோடு விழும். என்னுடைய தொட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் வெடிப்பா என்று கேட்கிறார்கள்.

அப்புறம், பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மணலோடு சேர்த்து முருகைக்கல்லையும் உடைத்துக்கொண்டு வராதீர்கள். அது குற்றம்.

ரீஃப் காக்கா:
கறுப்புக் கோடு வேறு கதை. மணல் எவ்வளவு தடிப்பு? கூழ்முட்டை மணம் வருகிறதா?

கல்லடிக்காரன்:
கல்லுக்குப் பின்னால் 8 சென்ரிமீற்றர், முன்னால் 5. சின்னக் குழாயால் கொஞ்சம் எடுத்து மணந்து பார்த்தேன். கூழ்முட்டையேதான்.

ரீஃப் காக்கா:
ஒட்சிசன் போகாத இடத்தில் ஐதரசன் சல்பைட் பிறந்திருக்கிறது. கிண்டிவிடாதீர்கள், ஒரே நாளில் மீன் மிதக்கும். டைனோ முடியும்வரை கோடு அப்படியே கிடக்கட்டும். மறுகா கிழமைக்கு ஒரு கை அகலம், குழாயால் உறிஞ்சி எடுங்கள். எடுத்த மணலைத் திருப்பிப் போட வேண்டாம். முன்பக்கம் 3 சென்ரிமீற்றர் போதும்.

கல்லடிக்காரன்:
(24 நாளுக்குப் பிறகு) மூன்று நாள் மூடி வைத்துத் திறந்தபோது மணல் வெள்ளை. ஐந்தாம் நாள் திரும்பவும் லேசாக வந்தது, வயிறு கலங்கிவிட்டது. கடன் வாங்கி யூவி ஒன்று பூட்டினேன். இப்போது நைட்ரேட் 8, பொஸ்பேட் 0.06. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்கிறது. மணலில் பின் மூலையில் ஒரு உள்ளங்கை அளவுதான் கபிலம், அதுவும் 3 மணிக்குப் பிறகுதான் தெரிகிறது. மிச்ச 5 நத்தையும் உயிரோடு. லெதர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

ரீஃப் காக்கா:
பச்சைப் பாசியைத் துடைக்க அவசரப்பட வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காத்தான்குடிக்கு வாருங்கள், என் தொட்டி மணலில் இரண்டு யோகட் கப் தருகிறேன். அதில் புழு, பூச்சி, பக்டீரியா எல்லாம் இருக்கிறது. கபிலம் நிற்கிற அந்த மூலையிலேயே போடுங்கள்.

கல்லடிக்காரன்:
வாறேன் காக்கா. கப் நான் கொண்டுவரவா?

ரீஃப் காக்கா:
கொண்டுவாருங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவின கப் மட்டும் வேண்டாம்.