பாலக்காட்டிலிருந்து நுவரெலியா: ஏரிப் பக்கம் டென்ட், குறைந்த செலவில் முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கங்க. நாங்க ரெண்டு பேர். பிப்ரவரியில ஒரு சனி ஞாயிறு நெடும்பாசேரியிலிருந்து (கொச்சி விமான நிலையம்) கொழும்பு போய், இலங்கை மலைநாட்டு ஊரான நுவரெலியா கிரகரி ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கலாம்னு இருக்கோம். ரெண்டு ஆள் டென்ட் (இரண்டரை கிலோ), இங்க நெல்லியாம்பதி மலைக்குன்னு வாங்கின மெல்லிசு ஸ்லீப்பிங் பேக், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் கையில இருக்கு. ரெண்டு நாள் போதுமா? குளிருக்கு இது தாங்குமா? இதையெல்லாம் விமானத்துல ஏத்த விடுவாங்களா?

மீனாட்சிபுரம் எல்லை:
ரெண்டு நாள் பத்தாதுங்க. விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனா கட்டுநாயக்கவில (கொழும்பு விமான நிலையம் இருக்கிற இடம்) இறங்கின பிறகுதான் பயணமே. 187 பஸ்ல கொழும்பு வந்து, புறக்கோட்டையில நுவரெலியா பஸ் பிடிச்சா ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. போக ஒரு பகல், வர ஒரு பகல் போயிடும். வெள்ளி, திங்கள் ரெண்டும் லீவு போட்டு நாலு நாளாக்குங்க. ரயில்ல போனா நானுஓயாவில இறங்கணும், அங்கிருந்து ஊர் எட்டு கிலோமீட்டர். அழகான பாதைதான். ஆனா மழையில மண் சரிஞ்சா ரயில் நின்னுடும், அதனால திரும்பி வர பஸ்ஸை நம்புங்க. திரும்பற விமானத்துக்கு முந்தின ராத்திரி விமான நிலையம் பக்கத்துல இருக்கிற நீர்கொழும்புலயே தங்கிடுங்க.

தேதி குறிக்கும் முன்ன பௌர்ணமி பாருங்க. அங்க ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அது வெள்ளி, திங்கள்ல வந்தா கொழும்புக்காரங்க பாதிப் பேர் நுவரெலியாவுலதான் இருப்பாங்க. ஏப்ரல் சீசனையும் விட்டுடுங்க, வாடகை ஏறிடும். பிப்ரவரி நல்ல தேர்வு, மழை குறைவு.

பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கணும், ஈ.டி.ஏ.வை (இலங்கைக்குள்ள போக இணையத்துல எடுக்கிற அனுமதி) இங்கிருந்தே எடுத்துடுங்க. யூ.பி.ஐ. சில கடைகள்ல எடுக்கும், பஸ்ல எடுக்காது. இலங்கை ரூபாயில சில்லறை வேணும். இங்க பாலக்காட்டிலிருந்து ஆலுவா வரை ரயில், ஆலுவா மெட்ரோ ஸ்டேஷன்ல விமான நிலையத்துக்கு மின்பஸ் இருக்கு, டாக்ஸி வேண்டாம்.

கல்பாத்தி மலையேறி:
நெல்லியாம்பதி பேக் அங்க தாங்காது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரியில வானம் தெளிவா இருக்கற ராத்திரி 5 டிகிரிக்குக் கீழயும் போகும், புல்லு மேல உறைபனி படியறது உண்டு. பேக் மேல பெரிசா அச்சடிச்சிருக்கற டிகிரி சில சமயம் 'எக்ஸ்ட்ரீம்' கணக்கா இருக்கும், அது உயிர் தங்கற அளவு மட்டும்தான். 'கம்ஃபர்ட்'னு போட்டிருக்கிற எண் 5 அல்லது அதுக்குக் கீழ இருக்கணும்.

ஆனா பேக்கை விட அடியில விரிக்கிறதுதான் முக்கியம். படுத்ததும் உங்க எடையில பேக்கோட பஞ்சு நசுங்கி, அடிப்பக்கம் சூடே பிடிக்காது. முதுகு வழியாத்தான் குளிர் ஏறும். பத்து மில்லிமீட்டர் ஃபோம் மேட்டுக்கு அடியில, தகரக் கூரைக்கு அடிக்கிற வெள்ளி பபிள் ஷீட்டை ஆள் அளவுக்கு வெட்டிப் போடுங்க. ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும், எடையே இல்லை.

தண்ணிக்கு ஒட்டின பள்ளத்துல டென்ட் வேண்டாம். குளிர்ந்த காத்து கனம், ராத்திரி அங்கதான் வந்து தேங்கும். விடியறப்ப டென்ட்டுக்கு உள்ள சொட்டும். மேட்டுல போடுங்க, குளிருதுன்னு ஜன்னலை முழுசா மூடாதீங்க. மூச்சுக்காத்து வெளிய போகலைன்னா பேக் நனையும். நனைஞ்ச பஞ்சுல சூடு நிக்காது.

வாளையார் சரக்கு:
கரையில நினைச்ச இடத்துல டென்ட் அடிக்க முடியாதுங்க. ஏரிப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு இருக்கு, வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். ஊரைச் சுத்தித் தேயிலைத் தோட்டப் பக்கம் இருக்கிற தனியார் கேம்ப் இடம்தான் வழி. போன்ல தமிழ்லயே பேசலாம், மலையகத் தமிழர் நிறைய இருக்கற மாவட்டம். டென்ட், மேட், கழிப்பறை, வெந்நீர் வாடகையில சேருமான்னு தனித்தனியா கேளுங்க. பக்கத்துல இருக்கிற தேசியப் பூங்கா ஹார்டன் சமவெளியில தங்க வனஜீவராசித் திணைக்கள அனுமதி வேணும், கட்டணமும் அதிகம். உங்க பட்ஜெட்டுக்கு ஆகாது.

கேஸ் கேனிஸ்டர், தீப்பெட்டி, லைட்டர் மூணும் கைப்பையிலும் ஏறாது, செக்-இன்னிலும் ஏறாது. பழைய அடுப்புல கேஸ் வாடை இருந்தா அதையும் எடுத்து வெச்சுடுவாங்க. டென்ட் ஆணி செக்-இன்ல மட்டும், பவர் பேங்க் கைப்பையில மட்டும். என் கணக்கு இதுதான்: டென்ட்டை அங்கயே வாடகைக்கு எடுங்க, பேக்கும் ஷீட்டும் உங்களோடது கொண்டு போங்க. ஆளுக்கு ஏழு கிலோ கைப்பையில அடங்கிடும், செக்-இன் காசு மிச்சம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. நாலு நாளாக்கறோம். அடுப்பு இல்லாம சாப்பாடு எப்படி? வாடகை டென்ட்ல என்ன பார்க்கணும்?

கல்பாத்தி மலையேறி:
மெல்லிசு அவல், வறுத்த வேர்க்கடலை, புளிப்பொடி போதும். ஒரு டம்ளர் அவலுக்கு அரை டம்ளர் வெந்நீர், அஞ்சு நிமிஷம் மூடி வெச்சா ரெடி. கேம்ப்ல அடுப்பு குடுத்தாலும் திறந்த பாத்திரத்துல பருப்பு வைக்காதீங்க. அந்த உயரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும், வேக நேரமாகும். மத்தபடி கடையில பாண் (அங்க ரொட்டிக்கு அதான் பேர்), பருப்புக் கறி மலிவு. டென்ட்டுக்குள்ள எந்த அடுப்பும், கரிச்சட்டியும் வேண்டவே வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாடை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

டென்ட் குடுத்ததும் வெளிச்சம் இருக்கறப்பவே விரிச்சு ஜிப் ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க. தரைத் தையல்ல டேப் உரிஞ்சிருந்தா மாத்திக் கேளுங்க. அடியில போடற தார்ப்பாய் டென்ட் தரையை விட நாலு பக்கமும் ரெண்டு இஞ்ச் சின்னதா இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டிருந்தா மழைத்தண்ணியைப் பிடிச்சு நேரா முதுகுக்கு அடியில கொண்டு வந்துடும். அவங்க தார்ப்பாய் பெரிசா இருந்தா ஓரத்தை டென்ட்டுக்கு அடியில மடிச்சு விடுங்க, மடிப்பு தரையைப் பார்த்து இருக்கட்டும்.