லாரிகளுக்கு அருகில் கார் ஓட்டப் புதியவர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வி:
அண்மையில் உரிமம் பெற்ற என் மகள், நெடுஞ்சாலையில் லாரியை முந்தத் தொடங்கிப் பாதியில் தயங்கி, அதன் பக்கத்திலேயே நெடுநேரம் ஓட்டுகிறாள். ஒருவழியாக முந்திவிட்டாலோ, உடனே அதன் முன்னால் புகுந்துவிடுகிறாள். “இடைவெளி விடு” என்று திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர, காரணம் விளங்கும்படி எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மறுமொழி 1:
நான் ஓட்டுநர் பயிற்சி அளிப்பவன். எஞ்சின் அணைத்து நிறுத்தப்பட்டிருக்கும் லாரியொன்றில், அதன் ஓட்டுநரின் அனுமதியோடு, மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நீங்கள் வண்டியைச் சுற்றி நடந்து காட்டுங்கள். பெரிய லாரிகளில் முன்புறம் ஏறத்தாழ 6 மீட்டரும் பின்புறம் 9 மீட்டரும் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம்; பக்கங்களிலும், குறிப்பாக அவருடைய இருக்கைக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு கார் முழுதாக மறைந்துவிடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. முகம் தெரிவதாலேயே அவர் கவனித்துவிட்டார் என்றும் கொள்ள வேண்டாம்.

மறுமொழி 2:
டிரெய்லர் ஓட்டும் எனக்கு, கார் ஓட்டுபவர்களுக்கு எங்கள் பிரேக்கின் கணக்கு தெரியாததே பெரும் கவலை. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில், 36 டன் எடையுள்ள வண்டி நிற்க ஏறத்தாழ 160 மீட்டர் ஆகும். கார் 100 மீட்டருக்குள் நின்றுவிடும். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் சக்கரங்களை எட்டவும் ஒரு கணம் பிடிக்கும். எனவே எங்களுக்கு முன்னால் தெரியும் வெற்றிடம், நாங்கள் நிற்பதற்காக விட்டுவைத்தது. கார் நுழைவதற்கு அல்ல. முந்திய பிறகு, காரின் உள் கண்ணாடியில் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகளும் முழுதாகத் தெரியும்வரை தடம் மாற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், பழகும்வரை முந்தாமல் பின்னாலேயே வரச் சொல்லலாமா?

மறுமொழி 1:
தாராளமாக. ஆனால் ஒட்டி வந்தால் முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. குறைந்தது 4 வினாடி இடைவெளி வேண்டும், மழையில் இன்னும் கூடுதலாக. முந்துவதா வேண்டாமா என்பதை லாரியை நெருங்குவதற்கு முன்பே முடிவு செய்யப் பழக்குங்கள். இறக்கத்தில் லாரியின் வேகம் கூடுமென்பதால், அங்கே தொடங்காமலிருப்பது நல்லது.

மறுமொழி 3:
திருப்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்புறமாக வெட்டி வரும். அதற்கு இடம் தேடியே ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்குவார். அப்போது திறக்கும் இடைவெளியில் காரை நுழைக்காமல், இண்டிகேட்டரைப் பார்த்துப் பின்னாலேயே நிற்க வேண்டும்.