மெழுகுவர்த்தி வரலாற்றுச் சொற்கள்: ‘அணைப்பான்’ வேண்டாம், ‘திரிக்கத்தரி’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மெழுகுவர்த்தி வரலாற்றுக் கட்டுரைக்கான நம் சொற்பட்டியலில், எரியும் வர்த்தியின் கரிந்த திரி நுனியை நறுக்கும் ‘ஸ்னஃபர்ஸ்’ என்ற பழைய கருவிக்கு நேராக ‘அணைப்பான்’ என்று வந்திருப்பதைப் பார்த்தேன். இன்னொரு நண்பர் அதையே ‘சுடரணைப்பி’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கருவி சுடரை அணைப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. சுடர் மங்காமல் எரிவதற்காகச் செய்யப்பட்டது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அணைத்தல் என்ற பொருள் வந்துவிட்டதால் நேர்ந்த குழப்பம் இது. எதிர்ப்பொருள் தரும் சொல் ஒருமுறை அகராதியில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது எளிதல்ல.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வடிவம் கத்தரிக்கோல்தான். ஓர் அலகின் மேல் சிறு பெட்டி இருக்கும். மற்ற அலகில் ஒரு தகடு. மூடும்போது தகடு பெட்டிக்குள் போய்ப் பொருந்தும். நறுக்கிய கரித்துண்டு மேசையிலோ உருகிய கொழுப்பிலோ விழாமல் பெட்டிக்குள் தள்ளப்பட்டு, காற்றில்லாமல் அங்கேயே அவிந்துபோகும். பலவற்றுக்கு அடியில் மூன்று குட்டிக் கால்கள் உண்டு, தட்டிலிருந்து விரல் நுழைத்து எடுப்பதற்கு வசதியாக. இரும்பிலும் பித்தளையிலும் செய்தார்கள். செல்வர் வீடுகளில் வெள்ளி. அணைப்பதற்கு இத்தனை வேலைப்பாடு எதற்கு? வாயால் ஊதினால் போதுமே.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவின் சாதாரண வீடுகளில் எரிந்தது ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கிச் செய்த வர்த்தி. அதன் திரி முறுக்கிய பருத்தி நூல். முறுக்கிய திரி சுடரின் நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும். சுடரின் நடுவே காற்று எட்டாது. அதனால் திரி கருகுமே தவிர எரிந்து சாம்பலாகாது. கரி நீண்டு, நுனி பருத்து, கொழுப்பு அரைகுறையாக எரிந்து புகையும் நாற்றமுமாகிவிடும். இயற்பியலாளர் கவுண்ட் ரம்ஃபோர்டு இதை அளந்தே காட்டினார். அப்போதுதான் திரி நறுக்கிய கொழுப்பு வர்த்தியின் ஒளியை 100 என்று வைத்துக்கொண்டால், 11 நிமிடத்தில் அது 39 ஆனது. 19ஆம் நிமிடத்தில் 23. 29ஆம் நிமிடத்தில் 16. மறுபடி நறுக்கியதும் பழையபடி 100. அரை மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்காகிவிடும் வெளிச்சத்தில்தான் அன்று படித்தார்கள், தைத்தார்கள், கணக்கு எழுதினார்கள். பிரெஞ்சு நாடக அரங்குகளில் இந்த வேலைக்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். நறுக்காமலே எரியும் விளக்கைவிட மேலான கண்டுபிடிப்பு வேறென்ன இருக்க முடியும் என்று ஜெர்மன் கவிஞர் கதே ஏங்கி எழுதியதும் இதனால்தான். அவருடைய மொழியில் இந்தக் கருவியின் பெயரை அப்படியே பிரித்தால் ‘விளக்கைத் துப்புரவு செய்யும் கத்தரி’ என்றுதான் வரும். அணைத்தல் அதில் எங்கும் இல்லை.

எனவே என் பரிந்துரை ‘திரிக்கத்தரி’. இது முழுக்கப் புதிது என்றும் சொல்ல முடியாது. தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்தில், பொன் குத்துவிளக்கைச் செய்யச் சொல்லும் பகுதியில், ‘கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும்’ என்று வருகிறது. அது எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி அல்ல. ஆனாலும் திரியைச் சீர்செய்யும் கருவிக்குக் கத்தரி என்ற சொல் தமிழில் முன்பே புழங்கியிருக்கிறது. தவிர, ‘திரியைக் கத்தரித்தான்’ என்று வினையாகவும் தடையின்றி ஓடும். நறுக்கி எடுத்த கரிந்த நுனிக்குத் ‘திரிக்கரி’ போதும்.

‘திரிவெட்டி’ என்று முன்மொழிந்தவரின் கருத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. பாக்குவெட்டி, நகவெட்டி என்ற வரிசையில் இயல்பாகவே உட்காருகிறது. ஆனால் வர்த்தி செய்யும் பட்டறையில், தோய்ப்பதற்கு முன் திரி நூலை ஒரே நீளத்தில் அறுப்பதற்குக் கத்தி பதித்த பலகை ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். திரிவெட்டியை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

‘தூண்டுகோல்’ என்ற யோசனை கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. அகலில் எண்ணெய் இறங்க இறங்கத் திரியை முன்னே தள்ளுவதுதான் தூண்டுதல். இங்கே நடப்பது முன்தள்ளல் அல்ல, நறுக்கல். அணைப்பான் என்ற சொல்லும் வீணாக வேண்டாம்: சுடரின் மேல் கவிழ்க்கும் கூம்பு வடிவச் சிறு மூடி தனிக் கருவி, அதற்கு அது சரியாகப் பொருந்தும்.

பட்டியலில் என்னை உறுத்தும் இன்னொன்று, எல்லாவற்றையும் ‘மெழுகுவர்த்தி’ என்று எழுதியிருப்பது. கொழுப்பில் செய்தது மெழுகுவர்த்தி ஆகாது. லண்டனில் கொழுப்பு வர்த்திக்காரர்களும் தேன்மெழுகு வர்த்திக்காரர்களும் தனித்தனிச் சங்கம் வைத்திருந்தார்கள். முன்னவர்களுக்கு 1462இல் அரச பட்டயம் கிடைத்தது, பின்னவர்களுக்கு 1484இல். தேன்மெழுகு வர்த்திக்குத் திரிக்கத்தரியின் தேவை மிகக் குறைவு. அதனாலும் விலையாலும் அது தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் உரியதாக இருந்தது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் கட்டுரையில் பாதி விளங்காது. ‘கொழுப்புவர்த்தி’ என்று தனிப் பதிவு போடுவோம்.

திரிக்கத்தரியின் காலத்தை முடித்துவைத்தது, முறுக்காமல் பின்னிய ‘பின்னல் திரி’. பிரான்சில் காம்பசெரே 1825இல் கொண்டுவந்தார். தட்டையாகப் பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கம் வளையும். நுனி சுடரின் விளிம்புக்கு வரும். அங்கே காற்றும் வெப்பமும் சேர்ந்து அதைச் சாம்பலாக்கிவிடும். இன்று வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் பாருங்கள்: வளைந்த திரியின் முனை சுடருக்கு வெளியே ஒரு செம்புள்ளியாகக் கனன்றுகொண்டிருக்கும். அதே ஆண்டில்தான், கொழுப்பைப் பகுத்து ஆராய்ந்த வேதியியலாளர் ஷெவ்ரல், இன்னொரு வேதியியலாளரான கேலுசாக்குடன் சேர்ந்து, கொழுப்பு அமிலத்தில் வர்த்தி செய்யக் காப்புரிமை பெற்றார். 1830களில் வர்த்தி உற்பத்தியாளர் தெ மில்லி அதைப் பாரிசில் விற்பனைச் சரக்காக்கினார். இப்படி நறுக்காமலே தன் நுனியைத் தானே சரிசெய்துகொள்ளும் திரிக்குத் ‘தன்திருத்தத் திரி’ என்ற பரிந்துரை காதில் முரடாக ஒலிக்கிறது. ‘பின்னல் திரி’ என்றாலே நெசவு தெரிந்த எவருக்கும் புரியும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பின்னல் திரியிலும் சாம்பல் நுனியில் தங்கியது. தெ மில்லி திரியைப் போரிக் அமிலத்தில் ஊறவைத்தார். சாம்பல் அதனோடு உருகிக் கண்ணாடி மணியாகத் திரண்டு விழுந்தது. இந்த ஊறவைப்புக்கு ‘பதப்படுத்தல்’ என்று பட்டியலில் இருக்கிறது. தோலுக்கும் மீனுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம், அதனால் தயங்குகிறேன். சாயப்பட்டறையில் நூலை மருந்து நீரில் முக்குவதற்குப் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.