இரு நாடுத் தீர்வுக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

கேள்வி:
வணக்கம். 1993 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கிய படத்தை நாளிதழில் பார்த்தபோது நான் கல்லூரி மாணவன். இத்துடன் சண்டை ஓய்ந்துவிடும் என்று மனதார நம்பினேன். இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலையும், அதன்பின் காஸா இடிபாடாகக் கிடப்பதையும் பார்த்த பிறகு கேட்கத் தோன்றுகிறது: இஸ்ரேலுக்குப் பக்கத்திலேயே பாலஸ்தீன நாடு என்பது இனியும் நடக்கக்கூடியதா, அல்லது வேறு அரசியல் வழி உண்டா? யார் மீது பழி என்ற வாதத்தைத் தவிர்த்து, வழியைப் பற்றி எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, நீங்கள் பார்த்த அந்தக் கைகுலுக்கலுக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம் பாலஸ்தீன நாட்டுக்கு உறுதி தரவில்லை. எல்லை, ஜெருசலேம், அகதிகள், 1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய நிலத்தில் அமைந்த யூதக் குடியேற்றங்கள் ஆகிய நான்கையும் ஐந்தாண்டு இடைக்காலத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த காலத்தில் குடியேற்றங்கள் நிற்கவில்லை. அப்போது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மேற்குக் கரைக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, இன்று சுமார் ஐந்து லட்சம்.

ஆனாலும் இடைவெளி குறுகிய தருணம் ஒன்று இருந்தது. 2008இல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட், மேற்குக் கரையில் சுமார் 6 விழுக்காட்டை இஸ்ரேலுடன் இணைத்துக்கொண்டு ஏறக்குறைய அதே அளவு நிலத்தை ஈடாகத் தரும் வரைபடத்தைப் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸிடம் காட்டினார். கையொப்பமிடாமல் படத்தைக் கொடுக்க மாட்டேன் என்று ஓல்மெர்ட் சொன்னதால், அப்பாஸ் அதை நினைவிலிருந்து ஒரு தாளில் கையால் வரைந்துகொண்டார். ஊழல் விசாரணையால் ஓல்மெர்ட் பதவி விலகும் நிலையில் இருந்தார். பேச்சு அங்கேயே நின்றது. எனவே இறுதி வடிவத்தை முதலிலேயே எழுதிவைத்து, குடியேற்றங்களை அன்றே நிறுத்தாத எந்த ஒப்பந்தமும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
ஐந்து லட்சம் பேரை அப்புறப்படுத்த முடியுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். 2005இல் காஸாவிலிருந்து சுமார் எட்டாயிரம் பேரை வெளியேற்றுவதே இஸ்ரேலை உலுக்கியது. இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து 2012இல் தொடங்கிய ‘அனைவருக்குமான நிலம்’ இயக்கம் மாற்று ஒன்றைச் சொல்கிறது: 1967 போருக்கு முந்தைய எல்லையில் இரண்டு நாடுகள், ஆனால் திறந்த எல்லை, குடியுரிமை ஒரு நாட்டில், வசிப்பது மறு நாட்டில் என்று இருக்கலாம். பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்படும் குடியேறி அங்கேயே தங்கலாம், அகதிகளும் படிப்படியாக இஸ்ரேலுக்குள் வந்து வாழலாம். இருவரும் தத்தம் நாட்டுக்கே வாக்களிப்பார்கள். குடியேறிகளும் பாலஸ்தீனர்களும் வாழும் மேற்குக் கரை நகரமான ஹெப்ரோனின் ஷுஹதா தெருவில் பாலஸ்தீனர் கடைகளின் இரும்புக் கதவுகள் பற்றவைத்து மூடப்பட்டிருப்பதை நினைத்தால் இது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். எனினும் அந்தத் தெருவுக்குப் பொருந்தும் திட்டம் வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை.

மறுமொழி 3:
திட்டம் எதுவானாலும் கையொப்பமிடுவது யார்? 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாட்டை எதிர்த்து 68க்கு 9 என்று தீர்மானம் நிறைவேற்றியது. பாலஸ்தீனர்களோ 2006க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலையே காணவில்லை. 2021இல் அறிவித்த தேர்தலை, கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பதிவுக்கு இஸ்ரேல் ஒப்புதல் தரவில்லை என்று கூறி அப்பாஸ் தள்ளிவைத்தார். முதலில் தேர்தல் நடக்கட்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கிழக்கு ஜெருசலேமில் முன்பு எப்படி வாக்களித்தார்கள்?

மறுமொழி 3:
1996, 2005, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அங்குள்ள இஸ்ரேலிய அஞ்சலகங்களில் வாக்களித்தார்கள். அன்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான் அது.